செப்டம்பரில் போன விண்ணப்பமும் பதில் வராத போர்ட்டலும்

கேள்வி (பிப்ரவரி 2021): வணக்கம் அக்கா. வயது 24. நியூ ஜெர்சியில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ., டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறவர்) படிப்புக்குப் போன செப்டம்பரில் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். கொரோனாவால் நான் படித்த கல்லூரியின் அலுவலகம் மூடிக் கிடந்ததால் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. மூன்று இடங்களில் மறுத்துவிட்டார்கள். இரண்டு இடங்களில் ஜூமில் நேர்காணல் நடந்தது. அதில் ஒன்று வெயிட்லிஸ்ட், இன்னொன்றில் ஏழு வாரமாகப் பதில் இல்லை. மீதி நான்கும் கிணற்றில் போட்ட கல். டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்கிரைபாக வேலை பார்த்த கிளினிக் போன மார்ச்சில் மூடியது. எப்போதோ எடுத்து வைத்திருந்த சி.என்.ஏ. (நர்ஸிங் உதவியாளர்) சான்றிதழ் கைகொடுத்தது, ஜூனிலிருந்து நர்ஸிங் ஹோமில் இருக்கிறேன். மைக்ரோபயாலஜி லேப் ஆன்லைனில்தான் முடித்தேன், மதிப்பெண்ணும் வெறும் 'பாஸ்'. அது வேறு கவலை. போதாக்குறைக்கு ஒரு நேர்காணலின் நடுவில் அம்மாவின் குக்கர் மூன்று விசில் அடித்தது. அப்பா என்னை 'இலவு காத்த கிளி' என்கிறார், டாக்டராகிற எம்.டி. படிப்புக்கே போட்டிருக்கலாமே என்கிறார். இரவு மூன்று மணிக்கெல்லாம் எழுந்து கல்லூரிகளின் விண்ணப்பப் போர்ட்டலைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? எங்கே தப்பு செய்தேன்? (பி.கு. வேலை பிடித்திருக்கிறது. மாஸ்க்கில் யாரையும் அடையாளம் தெரியாமல் ஒரு பாட்டி பயப்படுகிறார் என்று, நான் சிரிக்கும் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து பாதுகாப்புக் கவுன் மேல் ஒட்டிக்கொண்டு போகிறேன். இப்போது பயப்படுவதில்லை.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். பத்து வருடமாக எமர்ஜென்சியில் பி.ஏ.வாக வேலை பார்க்கிறேன். நான் படித்த கல்லூரியில் ஆட்கள் போதாதபோது நேர்காணல் எடுக்கவும் கூப்பிடுவார்கள். எனவே மேசையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் குக்கர். அதை விட்டுவிடு. இந்த சீசனில் நான் பேசிய பிள்ளைகளின் பின்னால் நாய் குரைத்தது, தம்பி சட்டையில்லாமல் நடந்து போனான், ஒரு பெண்ணுக்கு நெட் அறுந்து காரிலிருந்து போனில் பேசினாள். அதற்காக யாருக்கும் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. மூன்று விசில் கேட்டதும் நீ என்ன செய்தாய் என்பதைத்தான் எதிரில் இருந்தவர் பார்த்திருப்பார். சிரித்துவிட்டுப் பதிலைத் தொடர்ந்திருந்தால் போதும்.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்திய வார்த்தை வேறு. செப்டம்பர்.

காஸ்பா என்கிற பொது விண்ணப்பத் தளம் ஏப்ரல் கடைசியில் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். பல கல்லூரிகள் வந்த வரிசையில் படித்து, அவ்வப்போது நேர்காணல் வைத்து, அவ்வப்போது இடத்தையும் கொடுத்துவிடுகின்றன. கடைசித் தேதி வரை காத்திருந்து எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடை போடுவதில்லை. அதனால் போர்ட்டலில் போட்டிருக்கும் கடைசித் தேதி, கல்யாண விருந்தின் கடைசிப் பந்தி மாதிரி. இலை போடுவார்கள்தான், பாயசம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீ 'சப்மிட்' அழுத்திய நாளோடும் கதை முடியவில்லை. டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு உன் பாடங்களையும் கிரேடுகளையும் காஸ்பா சரிபார்க்க வேண்டும், அதற்கும் நாளாகும். உன் விஷயத்தில் டிரான்ஸ்கிரிப்டும் தாமதம். கல்லூரிகள் உன் விண்ணப்பத்தை முழுமையாகப் பார்த்தபோது அக்டோபர் கடைசியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது சில இடங்களில் பாதி வகுப்புக்கு மேல் நிரம்பியிருக்கும்.

அப்படியிருந்தும் ஒன்பதில் இரண்டு பேர் உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தாளில் நீ மோசமில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டாய். தேதியில். அதிலும் பாதிப் பழி வைரஸுக்குப் போக வேண்டும்.

போன வருடம் எல்லா இடத்திலும் கூட்டம்தான். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டும் முந்தைய வருடத்தைவிட 18 சதவீதம் போலக் கூடினார்கள். கொரோனா நாட்களில் தினமும் டிவியில் வந்த தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஃபௌச்சியின் பெயரால், ஃபௌச்சி விளைவு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நம் பக்கமும் அந்த வேகம் தெரிந்தது. விமானமும் ஓட்டலும் இல்லாமல் வீட்டு மேசையிலிருந்தே நேர்காணல் என்றானபோது, முன்பு மூன்று இடத்துக்குப் போகிற பிள்ளை இப்போது ஏழு இடத்துக்குப் போனாள். ஏழு பேராசிரியர் குழுக்கள் அவளையே தேர்ந்தெடுத்தன. அவள் சேரப்போவது ஒரு இடத்தில்தான். மீதி ஆறு இடங்கள் எப்போது காலியாகும்? அட்வான்ஸ் கட்டுகிற தேதி வரும்போது கொஞ்சம், லோன் பேப்பர் வரும்போது கொஞ்சம், வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கொஞ்சம். அதனால் இந்த வருடம் வெயிட்லிஸ்ட் வழக்கத்தைவிட அதிகமாக நகரும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், வாக்குறுதி இல்லை.

'ஒரே ஒரு இடம் கூடுதலாகப் போட முடியாதா' என்று உன் அம்மா கேட்பார். முடியாது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதை அங்கீகாரம் தரும் ஏ.ஆர்.சி-பி.ஏ. அமைப்புதான் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொரு முடிச்சும் உண்டு. 2020 மார்ச்சில் மருத்துவமனைகள் மாணவர்களை வெளியே நிற்கச் சொன்னபோது கிளினிக்கல் ரொட்டேஷன் என்கிற மருத்துவமனைப் பயிற்சி அங்கங்கே நின்றது. அப்படித் தேங்கிய சீனியர்களை முடித்து அனுப்பினால்தான் அடுத்த வகுப்புக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்கும். போர்ட்டலில் உன் பெயருக்கு எதிரே 'பரிசீலனையில்' என்று ஏழு வாரமாக நிற்பதற்குப் பின்னால் இந்த மாதிரி உனக்குச் சம்பந்தமே இல்லாத கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

நேர்காணல் முடிந்து ஏழு வாரமாகப் பேசாத கல்லூரிக்கும், வெயிட்லிஸ்டில் வைத்த கல்லூரிக்கும் ஆளுக்கு ஒரு கடிதம் அனுப்பு. ஒன்றே ஒன்று, அரைப் பக்கம். அனுப்புவதற்கு முன் அவர்கள் தளத்தைப் பார், 'புதிய விவரம் எதுவும் அனுப்பாதீர்கள்' என்று போட்டிருந்தால் அனுப்பாதே. அதை மீறுகிறவர்களை அலுவலகத்தில் இருப்பவர்கள் மறப்பதில்லை, ஆனால் நீ விரும்புகிற விதத்தில் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். மற்ற நான்கு இடங்களுக்கும் எழுதலாம், ஆனால் பிப்ரவரி வரை நேர்காணலுக்கே கூப்பிடாதவர்கள் இனிமேல் கூப்பிடுவது அபூர்வம். அவற்றை மனதளவில் மூடிவிடு.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது? இங்கேதான் உன் மேல் எனக்குக் கோபம். பக்கம் பக்கமாக குக்கரையும் போர்ட்டலையும் எழுதிவிட்டு, அந்தப் பாட்டியைப் பின்குறிப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய்! நேர்காணலில் இதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். 'பெருந்தொற்று எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது' என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாய். இந்த சீசனில் அந்த வாக்கியத்தை என்னிடமே பத்துப் பேராவது சொல்லியிருக்கிறார்கள். யார் முகமும் மனதில் நிற்கவில்லை.

மறதி நோயுள்ள ஒரு மூதாட்டிக்கு, கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நீலக் கவுனில் வருகிறவர்களெல்லாம் பேய் மாதிரி தெரிகிறார்கள். குளிக்க வர மறுக்கிறார், மாத்திரையைத் துப்புகிறார். சம்பளம் குறைந்த, சீனியாரிட்டி இல்லாத ஒரு சி.என்.ஏ. வீட்டுக்குப் போய் தன் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து மார்பில் ஒட்டிக்கொண்டு வருகிறாள். அடுத்த வாரம் மாத்திரை உள்ளே போகிறது. இது பொறுமை மட்டும் இல்லை. நோயாளி ஏன் ஒத்துழைக்கவில்லை என்று யோசித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்திருக்கிறாய். நாங்கள் எமர்ஜென்சியில் நாள் முழுக்க செய்வது இதைத்தான், கருவிகள்தான் வேறு. மறதி நோய், குளியல், மாத்திரை எல்லாம் என் ஊகம், அங்கே உண்மையில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுது. பாட்டியின் பெயர், வயது, அறை எண், ஊர் எதுவும் வரக் கூடாது. கல்லூரிக் கடிதமானாலும் நோயாளியின் அந்தரங்கம் அந்தரங்கம்தான்.

அதோடு ஜூனிலிருந்து இன்று வரை எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய் என்ற கணக்கு, புதிதாக முடித்த பாடம் இருந்தால் அதன் கிரேடு. வெயிட்லிஸ்ட் கல்லூரிதான் உன் முதல் விருப்பம் என்றால், இடம் கொடுத்தால் வருவேன் என்று ஒரு வரி. இரண்டு கல்லூரிக்கும் அதே வரியை எழுதாதே. பொய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்த உலகம் சின்னது, ஒருவரையொருவர் தெரியும்.

ஸ்கிரைப் வேலை போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். உண்மையில் உனக்கு அது லாபம். ஸ்கிரைப் மணி நேரத்தை நோயாளியை நேரடியாகக் கவனித்த அனுபவமாக எடுத்துக்கொள்ளாத கல்லூரிகள் இருக்கின்றன. சி.என்.ஏ.வை அப்படித் தள்ளுகிறவர்களை நான் பார்த்ததில்லை. எனவே காத்திருக்கிற அலுப்பில் இந்த வேலையை விட்டுவிடாதே.

மைக்ரோபயாலஜி. 2020 வசந்தப் பருவத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்தது என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியும். அந்தப் பருவத்தின் ஆன்லைன் லேபையும் 'பாஸ்' கிரேடையும் ஏற்பதாகப் பல கல்லூரிகள் சொல்லியிருக்கின்றன, ஆனால் எல்லாரும் இல்லை. ஒவ்வொன்றின் தளத்திலும் தேடு, தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வை. ஒன்று மட்டும் கவனி. 'பாஸ்' உன் ஜி.பி.ஏ.வில் (கிரேடுகளின் சராசரியில்) சேராது, ஏற்றவும் செய்யாது இறக்கவும் செய்யாது. அறிவியல் ஜி.பி.ஏ. கொஞ்சம் இழுக்கிறது என்றால், இந்தக் கோடையில் ஒரே ஒரு அறிவியல் பாடம், எழுத்து கிரேடோடு, எடு. மூன்று வேண்டாம். நர்ஸிங் ஹோமில் ஷிஃப்டும் பார்த்துக்கொண்டு மூன்று பாடம் எடுத்தால் மூன்றிலும் பி மைனஸ்தான் வரும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்கு வருகிறேன். கல்லூரிகள் எப்போது சொல்லும் என்பது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. உனக்கான தேதி ஏப்ரல் கடைசி, அடுத்த காஸ்பா திறக்கிற நாள். அன்றைக்கு உன்னிடம் ஒரு இடம் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் நீ ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருக்க வேண்டும். பழைய விண்ணப்பத்திலிருந்து பாட விவரம், அனுபவம், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் புதியதற்கு வந்துவிடும். சொந்தக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் வராது. அவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும். பரிந்துரை எழுதுகிறவர்களிடம் மார்ச்சிலேயே சொல்லி வை. போன வருடம் எழுதியவர் கிளினிக் டாக்டர் என்றால், இந்த முறை உன் நர்ஸிங் ஹோமில் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரையும் சேர். கட்டுரை 5,000 எழுத்துக்குள், இடைவெளியையும் சேர்த்து. அதன் முதல் வரியில் யார் வர வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த முறை ஜூன் தாண்டாமல் அனுப்பிவிடு.

இதற்கிடையில் இரண்டில் ஒன்று 'வா' என்று சொன்னால்? அட்வான்ஸ் கட்ட இரண்டு வாரம் போலக் கொடுப்பார்கள். பெரும்பாலும் திரும்பி வராத பணம். அன்றே முதல் விருப்பக் கல்லூரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு, இன்னொரு இடம் கிடைத்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், என் நிலை என்ன என்று கேட்கலாம். அது தப்பே இல்லை, எங்களுக்கும் அது உதவிதான். கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் தளத்தில் மூன்றைப் பார். ஏ.ஆர்.சி-பி.ஏ. அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது, அவர்கள் மாணவர்கள் படிப்பு முடிந்து எழுதுகிற பான்ஸ் தேர்வில் முதல் முறையிலேயே எவ்வளவு பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். இதையெல்லாம் அவர்கள் வெளியிட்டே ஆக வேண்டும். நான்காவதாக ஒன்றை நேரில் கேள்: '2020-ல் முடிக்க வேண்டிய வகுப்பு சொன்ன தேதியில் முடித்ததா?' பதில் சொல்கிற தொனியிலேயே நிறையத் தெரிந்துவிடும். புதிய கல்லூரியென்றால் தற்காலிக அங்கீகாரம் இருக்கும், அதில் படித்தாலும் தேர்வு எழுதலாம், பயப்பட வேண்டாம். அங்கீகாரமே இன்னும் வரவில்லை என்றால் ஒரு டாலர் கூடக் கட்டாதே.

அப்பா. இதை நானும் கடந்து வந்தேன். நம் ஊரில் பி.ஏ. என்றால் ஒன்று பொருளாதாரமோ வரலாறோ படித்த இளங்கலைப் பட்டம், இல்லையென்றால் அமைச்சர் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர். என் மாமா ஒருவர் ரொம்ப நாள் என்னை டாக்டருக்கு டைரி எழுதுகிறவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உன் அப்பாவிடம் சம்பளத்தைச் சொல்லாதே, வேலையைச் சொல். இது 1965-ல் நார்த் கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கியது. கடற்படையில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பிய நான்கு பேரை வைத்து ஆரம்பித்தார். கையில் அனுபவம் இருந்தது, ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அதற்கு ஒரு வேலை இல்லை. அந்த ஓட்டையை அடைத்ததுதான் இந்தத் தொழில். சென்னையிலேயே இருக்கிறது என்பதையும் சொல். இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியதுதான் இந்தியாவில் இந்தப் படிப்புக்கு முதல் புள்ளி. நான் 'மெட்ராஸிலேயே இருக்கிறது' என்று சொன்ன அன்றுதான் எங்கள் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே நியூயார்க்கில் 2020 மார்ச் 23-ம் தேதி, கண்காணிக்கும் டாக்டர் இல்லாமலேயே பி.ஏ.க்கள் தங்கள் பயிற்சிக்கு உட்பட்ட சிகிச்சையைத் தரலாம் என்று ஆளுநர் ஆணை போட்டார். அந்த வாரங்களில் ஆள் அவ்வளவு தேவைப்பட்டது.

எம்.டி. வேண்டுமா என்பது தனிக் கேள்வி. உனக்கே அந்த ஆசை இருந்தால் போ. ஒரு பிப்ரவரி மௌனத்துக்குப் பயந்து போகாதே, அங்கே காத்திருப்பு இன்னும் நீளம்.

இலவு காத்த கிளியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளி பழுக்கும் பழுக்கும் என்று ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தது. நீ ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய். அப்பாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

போர்ட்டலை வாரத்துக்கு இரண்டு முறை, பகலில் பார். இரவு மூன்று மணிக்கு யாரும் அங்கே எதையும் மாற்றுவதில்லை, தேர்வுக் குழுவும் தூங்கும். சேர்க்கைச் செய்தி பெரும்பாலும் போனில்தான் வரும். இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு.

நானும் வெயிட்லிஸ்டில் இருந்தவள்தான். ஜூலைக் கடைசி, வகுப்பு தொடங்க மூன்று வாரம். நர்ஸிங் ஹோமில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் கிளவுஸ், முழங்கை வரை சோப்பு. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் தெரியாத எண். கார் வாரண்டி விற்கிறவன் என்று விட்டுவிட்டேன். அவர்கள் செய்தி சொல்லப் பார்த்திருக்கிறார்கள், என் வாய்ஸ்மெயில் நிறைந்து வழிந்திருக்கிறது. அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். பதறிப்போய்க் கூப்பிட்டால், அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றார்கள். துணிகள் மடித்து வைக்கிற அறைக்குப் போய் அழுதேன். எட்டு நாள் கழித்து வேறு யாரோ விலகினார்கள், திரும்பவும் போன் அடித்தது. இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்தேன். பேசியது உண்மையிலேயே ஒரு கார் வாரண்டிக்காரன். கல்லூரி அதற்கடுத்த அழைப்பு.

அதனால் இன்றைக்கே வாய்ஸ்மெயிலைக் காலி செய். உன் பெயரை நிதானமாகச் சொல்லிப் பதிவு செய். ஒன்பது கல்லூரிகளின் எண்களையும் போனில் பெயரோடு சேமித்து வை. ஸ்பாமை நாளுக்கு ஒருமுறை புரட்டு. ஷிஃப்டில் போன் எடுக்க முடியாது என்றால் உன் சார்ஜ் நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி வை, நல்ல மனுஷியாக இருந்தால் இரண்டு நிமிடம் உன் இடத்தில் நிற்பார்.

நல்ல செய்தி வந்தால் எழுது. வராவிட்டாலும் ஏப்ரல் மூன்றாவது வாரம் உன் புதுக் கட்டுரையை அனுப்பு, சிவப்புப் பேனாவோடு உட்காருகிறேன்.

அன்புடன்,
அக்கா